மருந்தாளுநருக்கும் பேனா வேண்டும்: பக்கவாதத் தொடர்சிகிச்சையைத் திட்டமிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகிகளுக்கும், நரம்பியல் துறைத் தலைவர்களுக்கும், பக்கவாத நோயாளிகள் வீடு திரும்பிய பிறகு அவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அனைவருக்கும் வணக்கம்.

பதினான்கு மாதங்களுக்கு முன் எனக்குப் பக்கவாதம் வந்தது. மூளைக்குள் செல்லும் சிறிய இரத்தக் குழாய் ஒன்று அடைபட்டதால் இடக்கை சோர்ந்துபோய், ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தேன். அந்த ஆறு நாளில் கிடைத்த கவனிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏழாம் நாளிலிருந்து நடந்ததைப் பற்றித்தான் இந்த மடலை எழுதுகிறேன். மீண்டும் ஒரு பக்கவாதம் வராமல் தடுப்பதற்காக மருந்தாளுநர் ஒருவர் நடத்தும் சிகிச்சையகத்துக்கு நான் ஓராண்டாகச் சென்று வருகிறேன். அத்தகைய சிகிச்சையகம் எல்லாப் பக்கவாதப் பிரிவுகளிலும் அமைய வேண்டும் என்பதும், அங்கே அமரும் மருந்தாளுநருக்கு மருந்தையும் அதன் அளவையும் அந்த இடத்திலேயே மாற்றி எழுதும் அதிகாரம் இருக்க வேண்டும் என்பதும் என் வேண்டுகோள். இதில் முதற்பகுதிக்குத் தலையசைப்பவர்கள்கூட இரண்டாம் பகுதி வந்ததும் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். எனவே அதைப் பற்றியே அதிகம் பேசுகிறேன்.

வீட்டுக்கு அனுப்பிய நாளில் என் மனைவியின் கையில் ஒரு பையையும் ஒரு தாளையும் கொடுத்தார்கள். பையில் ஆறு வகை மாத்திரைகள் இருந்தன. தாளில் அவற்றின் பெயர்களும், மில்லிகிராம் கணக்கும், காலை, இரவு என்ற குறிப்பும் இருந்தன. எது எதற்காக என்றோ, எதை எத்தனை நாளுக்குச் சாப்பிட வேண்டும் என்றோ ஒரு சொல்லும் இல்லை. மூன்று மாதம் கழித்து வெளிநோயாளர் பிரிவுக்கு வரச் சொன்னார்கள். நாங்கள் இருவரும் படித்தவர்கள்தான். ஆனாலும் அந்தத் தாள் எங்களுக்குப் புரிந்துவிட்டது என்று நம்பியதுதான் எங்கள் தவறு.

ஏழாவது வாரத்தில் எங்கள் குடும்ப மருத்துவர், வேறொரு மருத்துவமனையில் மருந்தாளுநர் நடத்தும் சிகிச்சையகம் ஒன்று இருப்பதாகச் சொல்லி எங்களை அனுப்பினார். வீட்டில் இருக்கும் எல்லா மருந்துகளையும் எடுத்து வரும்படி முன்னதாகவே தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். கடையில் நாமாக வாங்கியவை, சத்து மாத்திரைகள், வலிக்குத் தடவும் களிம்பு, பாதியில் விட்ட பழைய அட்டைகள் எல்லாவற்றையும் கொண்டுபோய் மேசையில் கொட்டினோம். அந்த மருந்தாளுநர் ஒவ்வோர் அட்டையாக என் பக்கம் நகர்த்தி, இது எதற்கு என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஆறில் இரண்டுக்குத்தான் என்னிடம் விடை இருந்தது.

அடுத்து ஓர் அட்டையைக் கொடுத்து, நீங்களே ஒரு மாத்திரையை எடுங்கள் என்றார். இடக்கையால் அட்டையைப் பிடித்து வலக்கைக் கட்டைவிரலால் அழுத்தினேன். இடக்கையின் பிடி நழுவியது; மாத்திரை துள்ளி மேசைக்கடியில் உருண்டது. "வீட்டில் இப்படி விழுந்தால் என்ன செய்வீர்கள், ஐயா?" என்று கேட்டார். குனிந்து தேடினால் தலை சுற்றும் என்பதால் அன்றைக்கு விட்டுவிடுவேன் என்று உண்மையைச் சொன்னேன். என் மனைவி அப்போது என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை. வாரத்துக்கு எத்தனை முறை என்று மருந்தாளுநர் கேட்டார்; இரண்டு முறையாவது இருக்கும் என்றேன். ஒரு மருத்துவர் என் பதிவேட்டைப் பார்த்திருந்தால் மருந்து கேட்கவில்லை, அளவைக் கூட்டலாம் என்றுதான் நினைத்திருப்பார். மருந்து கேட்காமல் போகவில்லை, மேசைக்கடியில் கிடந்தது.

"இதில் எதை விழுங்க உங்களுக்கு மனம் வரவில்லை?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. ஏன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று கேட்டிருந்தால் ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறேன் என்று சொல்லியிருப்பேன். இப்படிக் கேட்டதால், ராமிபிரில் என்ற இரத்த அழுத்த மாத்திரையை மூன்று வாரமாக நான் தொடவே இல்லை என்பது வெளியே வந்தது. அதைச் சாப்பிடத் தொடங்கியதிலிருந்து இரவெல்லாம் வறட்டு இருமல், விட்டதும் நின்றது. அந்த வகை மருந்துகளுக்கு இது நன்கு தெரிந்த பக்கவிளைவு என்றும், அதே பலனைத் தரும், இருமலை அரிதாகவே உண்டாக்கும் வேறொரு வகை இருக்கிறது என்றும் அவர் விளக்கினார். நானாகவே கண்டுபிடித்துவிட்டதாக நினைத்திருந்த இரகசியம், அவருக்கு அன்றாடம் கேட்கும் செய்தியாக இருந்தது.

மேசையில் கிடந்தவற்றில் இன்னும் இரண்டு சிக்கல்கள் இருந்தன. பலவீனமான கையின் தோள்பட்டையில் வலி வருவது பக்கவாதத்துக்குப் பின் பலருக்கும் நேர்வது. அதற்காக நான் ஐபூப்ரோஃபென் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அது இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தக் கசிவுக்கு வழி செய்யக்கூடியது. போதாததற்கு, ஆஸ்பிரின் போய் ஒட்ட வேண்டிய இடத்தை அது முன்கூட்டியே பிடித்துக்கொண்டு ஆஸ்பிரினின் வேலையையும் கெடுக்கும். மற்றொன்று, இரத்தம் உறையாமல் தடுக்கும் இரு மருந்துகளான ஆஸ்பிரினையும் குளோபிடோகிரெலையும் நான் சேர்த்தே விழுங்கி வந்தது. இலேசான பக்கவாதத்துக்குப் பின் அவ்விரண்டையும் சேர்த்துக் கொடுப்பது பொதுவாக மூன்று வாரத்துக்கு, சிலருக்கு மூன்று மாதம் வரை. அதன்பின் ஒன்றை நிறுத்திவிட வேண்டும். சீனாவில் 5,170 பேரிடம் நடந்து 2013 இல் வெளியான சான்ஸ் என்ற ஆய்வில் முதல் 21 நாள் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது, 90 நாளுக்குள் மறுபடி பக்கவாதம் வந்தோர் 11.7 சதவீதத்திலிருந்து 8.2 சதவீதமாகக் குறைந்தனர். அந்த நன்மை பெரும்பாலும் தொடக்க வாரங்களில் கிடைப்பது. நாள் நீள நீளக் கிடைப்பது இரத்தக் கசிவு அபாயம்தான். எனக்கு ஏழு வாரம் ஆகியிருந்தது. தாளில் நிறுத்தும் தேதி இல்லாததால் நாங்கள் மூன்றாவது முறையும் கடையில் வாங்கியிருந்தோம்.

இரத்த அழுத்தம் பார்த்ததையும் சொல்ல வேண்டும். இவ்வளவு நாளும் யார் கேட்டாலும், மடியில் கிடந்த இடக்கையை நீட்டி, சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றவிட்டுப் பேசிக்கொண்டிருப்பேன். அவர் ஐந்து நிமிடம் என்னைப் பேசாமல் உட்கார வைத்தார். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் படிய வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்க வேண்டும் என்றார். இரு கைகளிலும் பார்த்துவிட்டு, இனி வலக்கைதான் என்று குறித்துக்கொண்டார். 158/92. வீட்டில் காலையும் மாலையும் பார்த்துக் குறித்துவர ஒரு சிறு ஏடு கொடுத்தார். அதில் நான் எழுதும் எண்களை அவர் உண்மையிலேயே படிப்பார் என்பது இரண்டாம் வருகையில்தான் தெரிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை மட்டும் ஏன் ஏறியது என்று கேட்டார்.

இனி, நான் இந்த மடலை எழுதக் காரணமான பகுதிக்கு வருகிறேன். இவ்வளவையும் கண்டுபிடித்த பிறகு அவர் என்னை மருத்துவரிடம் போகச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்து அனுப்பவில்லை. எந்த மருந்தை அவரே மாற்றலாம் என்று நரம்பியல் மருத்துவரும் அவரும் முன்பே எழுதிக் கையெழுத்திட்ட நெறிமுறை ஒன்று அங்கே இருந்தது. அதன்படி ராமிபிரிலை நீக்கி, முன்பு சொன்ன அந்த வேறு வகையைச் சேர்ந்த டெல்மிசார்ட்டனைத் தன் கையாலேயே எழுதினார். அந்த வகை மருந்தைத் தொடங்கினால் சிறுநீரகச் செயல்பாட்டையும் பொட்டாசியத்தையும் ஓரிரு வாரத்தில் பார்க்க வேண்டும் என்பதால் இரத்தப் பரிசோதனைக்கும் அவரே எழுதினார். ஐபூப்ரோஃபெனை நிறுத்தி, பாரசிட்டமாலும் தோளுக்கு இயன்முறைப் பயிற்சியும் போதும் என்றார். ஆஸ்பிரினை நிறுத்துவது மட்டும் நெறிமுறையில் இல்லாததால் நாங்கள் உட்கார்ந்திருக்கும்போதே நரம்பியல் மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு நிறுத்தினார். மொத்தம் நாற்பது நிமிடம். நான்காவது வருகையில் என் ஏட்டின் சராசரி 126/78 ஆக இருந்தது.

இயன்முறைச் சிகிச்சைக் கூடத்தில் பழக்கமான நண்பர் ஒருவரும் மருந்தாளுநரைத்தான் பார்த்து வந்தார்; ஆனால் வேறிடத்தில். அங்கே மருந்தாளுநருக்கு ஆலோசனை சொல்ல மட்டுமே அனுமதி. அவரும் சரியாகவே கண்டுபிடித்தார். அளவைக் கூட்ட வேண்டும் என்று மருத்துவருக்குக் கடிதம் எழுதினார். கடிதம் கோப்பில் சேர்ந்தது. அடுத்த மாதம் மறுபடி அதே எண், மறுபடி ஒரு கடிதம். மூன்று மாதம் நண்பருடைய இரத்த அழுத்தம் 160 க்குக் கீழே இறங்கவில்லை. மூன்று கடிதங்கள் மட்டும் சேர்ந்தன. அங்கே திறமைக்கோ அக்கறைக்கோ குறைவில்லை. எழுதும் உரிமை இல்லாததுதான் குறை.

இது இரண்டு நோயாளிகளின் கதை மட்டும் என்று நீங்கள் ஒதுக்கிவிடாதிருக்க, கனடாவின் ஆல்பர்ட்டாவில் நடந்து 2014 இல் வெளியான ஓர் ஆய்வை நினைவூட்டுகிறேன். இலேசான பக்கவாதமோ, சிறிது நேரத்தில் சரியாகிவிடும் தற்காலிகப் பக்கவாதமோ வந்த 279 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். இரு பிரிவினரும் ஆறு மாதத்துக்கு மாதந்தோறும் வந்தார்கள். ஒரு பிரிவில் செவிலியர் இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் பார்த்து, முடிவுகளைக் குடும்ப மருத்துவருக்கு அனுப்பினார். மற்றதில் மருந்தாளுநர் தாமே மருந்தைத் தொடங்கவும் அளவைக் கூட்டவும் முடிந்தது. ஆறாம் மாத இறுதியில் இரத்த அழுத்தம், கொழுப்பு இரண்டிலும் இலக்கை எட்டியவர்கள் செவிலியர் பிரிவில் 30.9 சதவீதம், மருந்தாளுநர் பிரிவில் 43.4 சதவீதம். செவிலியரைவிட மருந்தாளுநர் உயர்ந்தவர் என்று இதைப் படிப்பது தவறு. வருகைகளின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் பலன் வேறுபட்டதற்கு, ஒருவர் செய்தி அனுப்புபவராகவும் மற்றவர் செயல்படுபவராகவும் இருந்ததே பெருங்காரணம் என்று நான் புரிந்துகொள்கிறேன். அந்த ஆய்வு எண்ணியது இலக்கை எட்டியவர்களைத்தான், அடுத்து வந்த பக்கவாதங்களை அல்ல என்பதையும், சிறப்பாகச் செய்த பிரிவில்கூடப் பாதிக்கு மேற்பட்டோர் இலக்கை எட்டவில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஆறு மாதம் போதாது என்பதற்கு அதையே சான்றாக எடுத்துக்கொள்ளலாம்.

இலக்கை எட்டினால் பக்கவாதம் குறையுமா என்ற கேள்விக்கு வேறு ஆய்வுகள் விடை சொல்கின்றன. ஏற்கெனவே பக்கவாதமோ தற்காலிகப் பக்கவாதமோ வந்த 6,105 பேரிடம் நடந்து 2001 இல் வெளியான புராக்ரஸ் ஆய்வில், பெரிண்டோபிரில் என்ற இரத்த அழுத்த மருந்தை அடிப்படையாகக் கொண்ட சிகிச்சை மறு பக்கவாதத்தை 28 சதவீதம் குறைத்தது. ஆனால் உள்ளே பார்த்தால், அந்த ஒரு மருந்தை மட்டும் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க குறைவு தென்படவில்லை. இண்டபமைடு என்ற இன்னொரு இரத்த அழுத்த மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் 43 சதவீதம் குறைந்தது. ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டு மூன்று மாதம் கழித்து வரச் சொல்வதும், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பார்த்து, போதாதென்றால் இரண்டாவதைச் சேர்ப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. அந்த இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்பதற்கு நரம்பியல் மருத்துவர்களிடம் நேரம் இல்லை. அது அவர்கள் குற்றமில்லை; அவசரப் பிரிவில் அடுத்த நோயாளி படுத்திருக்கிறார்.

நோயைக் கண்டறியப் பயிற்சி பெறாதவரிடம் மருந்துச் சீட்டைக் கொடுப்பது ஆபத்தல்லவா என்று ஒரு கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கு வந்தது அடைப்பா, இரத்தக் கசிவா, அதற்கு இதயம் காரணமா, கழுத்துக் குழாய் காரணமா என்பதை மருந்தாளுநர் தீர்மானிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அதை மருத்துவர் தீர்மானித்துத் தாளில் தெளிவாக எழுதிய பின்புதான் அவருடைய வேலை தொடங்குகிறது. எல்லை எங்கே என்பதும் என் மருந்தாளுநருக்குத் தெரிந்திருந்தது. மூன்றாம் வருகையில் நாடி பார்த்தபோது துடிப்பு ஒழுங்கில்லாமல் இருப்பதாகத் தோன்றியதும் அன்றைய வேலையை அப்படியே நிறுத்தி, என்னை இசிஜி எடுக்க அனுப்பி, மருத்துவர் பார்க்கும்வரை விடவில்லை. இதய மேலறை படபடத்துத் தாறுமாறாகத் துடிக்கும் நிலையாக இருந்திருந்தால் பக்கவாத அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு, சிகிச்சையே மாறியிருக்கும். எனக்கு அது இல்லை, இடையிடையே வரும் கூடுதல் துடிப்புகள்தான் என்று தெரிந்தது. வீண் அலைச்சல் என்று அன்று முணுமுணுத்தேன்; இன்று அப்படி நினைக்கவில்லை.

நெறிமுறையோடு கொடுக்கப்படும் அதிகாரம் ஒன்றும் புதுமையல்ல. லாஸ் ஏஞ்சலஸில் முடிதிருத்தும் கடைகளிலேயே மருந்தாளுநர்கள் அமர்ந்து, மருத்துவர்களோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி இரத்த அழுத்த மருந்துகளை எழுதிய ஆய்வு 2018 இல் வெளியானது. கறுப்பின ஆண்கள் 319 பேரில், அவ்வாறு மருந்து பெற்றவர்களுக்கு மேல் அழுத்தம் ஆறு மாதத்தில் 27 புள்ளிகள் இறங்கியது. மருத்துவரைப் போய்ப் பாருங்கள் என்று அறிவுரை மட்டும் பெற்றவர்களுக்கு 9 புள்ளிகள். முடிதிருத்தும் நாற்காலியில் முடிந்தது, நரம்பியல் மருத்துவர் பக்கத்து அறையில் இருக்கும் மருத்துவமனையில் முடியாதா?

ஆகவே நான் கேட்பவை இவை. வீட்டுக்கு அனுப்பும் தாளிலேயே மருந்தாளுநரைப் பார்க்க வேண்டிய தேதி அச்சாகியிருக்க வேண்டும். அது இரண்டு வாரத்துக்கு அப்பால் போகக் கூடாது. ஆக்ஸ்ஃபோர்டில் 2007 இல் வெளியான எக்ஸ்பிரஸ் ஆய்வில், இலேசான பக்கவாதமோ தற்காலிகப் பக்கவாதமோ வந்தவர்களுக்குத் தடுப்பு மருந்துகளைத் தாமதமின்றித் தொடங்கியபோது 90 நாளுக்குள் மறு பக்கவாதம் 10.3 சதவீதத்திலிருந்து 2.1 சதவீதமாகக் குறைந்தது. மருத்துவமனைக்குள் காட்டும் அந்த அவசரத்தை வாசலோடு விட்டுவிடுவதில் பொருளில்லை. ஒவ்வொரு மருந்துக்கும் எதற்கு, எதுவரை என்ற இரண்டு கட்டங்கள் தாளில் வேண்டும். முதல் வருகைக்கு அரை மணி நேரத்துக்குக் குறையாத நேரம் ஒதுக்குங்கள். மருந்தை மாற்றவும், அதற்குத் தேவையான இரத்தப் பரிசோதனைக்கு எழுதவும் மருந்தாளுநருக்கு நெறிமுறையின்கீழ் உரிமை கொடுங்கள். பரிசோதனைக்கு எழுத முடியாதவருக்கு மருந்தை மாற்றும் உரிமை கொடுப்பது பாதி உரிமைகூட இல்லை.

பேச்சிழந்தவர்களுக்கும் விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கும் தனியாக ஒரு சொல். காத்திருப்பு அறையில் ஒரு பெண்மணி, தந்தையால் விழுங்க முடியவில்லை என்பதற்காக எல்லா மாத்திரைகளையும் இரண்டு கரண்டிகளுக்கிடையே நசுக்கித் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து வருவதாக என்னிடம் சொன்னார். அவற்றில் ஒன்று நாள் முழுவதும் மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட இரத்த அழுத்த மாத்திரை. நசுக்கினால் ஒரு நாளுக்கான மருந்து முழுவதும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும் என்பது உள்ளே போய் வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. எட்டு வாரம் அப்படிக் கொடுத்திருக்கிறார். "எனக்கு மயக்கம் வருகிறது" என்று அந்தத் தந்தையால் சொல்லவும் முடியாது. இப்படிப்பட்டவர்கள் சிகிச்சையகத்துக்கு வர முடியாவிட்டால் மருந்தாளுநர் வீட்டுக்குப் போக வழி செய்ய வேண்டும். குறைந்தது, மருந்தைக் கையால் எடுத்துக் கொடுப்பவரையாவது அழைத்துப் பேச வேண்டும்.

கடைசியாக, இத்தகைய சிகிச்சையகம் நடத்துபவர்கள் ஆண்டறிக்கையில் எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் எழுதாமல், எத்தனை பேரின் இரத்த அழுத்தம் 130/80 க்குக் கீழே வந்தது, எத்தனை பேரின் எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பு 70 க்குக் கீழே வந்தது, எத்தனை பேர் பாதியில் நின்றுவிட்டார்கள், ஏன் நின்றார்கள் என்று எழுதுங்கள். வராமல் போனவரைத் தொலைபேசியில் கூப்பிட ஒருவரை நியமியுங்கள். ஏழாம் மாதத்தில், எல்லாம் சரியாகிவிட்டது என்ற தெம்பில் நானும் ஒரு வருகையைத் தவறவிட்டேன். மறுநாள் காலை அழைப்பு வந்தது. அந்த வாரமே போனேன்.

என் அடுத்த வருகை வரும் மாதம் ஒன்பதாம் தேதி. ஏட்டில் இன்னும் நான்கு பக்கங்கள் மீதமிருக்கின்றன. உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பிரிவுகளிலிருந்து ஆறு மாத்திரைகளோடு வீடு திரும்பியவர்களில் ஒருவன்